இடுகுறியும் உடைமையும்

ஒரு பெயர் அது சுட்டும் பொருளுக்கு உரியதா, அதை இட்டவருக்கு உரியதா, அதைச் சொல்லி அழைப்பவருக்கு உரியதா என்பது, இலக்கண ஆசிரியர்களும் தருக்க நூலாரும் சமயவாதிகளும் பல நூற்றாண்டுகள் வாதிட்டும் முடிவுகட்டாமல் விட்டுச்சென்ற கேள்விகளுள் ஒன்றாகும். பாடசாலைத் திண்ணைகளில் ஓய்ந்துபோன அக்கேள்வி, ஒளிப்படங்களைத் திருத்தும் மென்பொருள்களை விற்கும் நிறுவனங்களின் அறிவிப்புகளில் இன்று மீண்டும் தலைகாட்டுகிறது. உலகம் நன்கறிந்த பெயர்களைக் கையில் வைத்திருக்கும் அந்நிறுவனங்கள் அவற்றை நீட்டுகின்றன, குறுக்குகின்றன, ஒன்றன் பெயரை எடுத்து மற்றொன்றுக்குச் சூட்டுகின்றன. இதை விற்பனைத் தந்திரம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவோர் உண்டு. தந்திரமே என்று வைத்துக்கொண்டாலும், பெயரின் இயல்பில் எது இடங்கொடுப்பதால் அத்தந்திரம் பலிக்கிறது என்ற கேள்வி எஞ்சுகிறது. இங்கு ஆராயப்படுவது அந்த எச்சமே.

பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூல் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பிரிக்கிறது. காரணம் எதுவும் புலப்படாமல் முன்னோர் இட்டு வழங்கிய குறியாக நிற்பது இடுகுறிப்பெயர். தொழில், பண்பு முதலிய ஏதேனும் ஒன்று பற்றி வருவது காரணப்பெயர். மரம், பனை என்பன முன்னதற்கும், பறப்பதால் பறவை, மரத்தைக் கொத்துவதால் மரங்கொத்தி என்பன பின்னதற்கும் வழிவழியாகக் காட்டப்படுபவை. போட்டோஷாப் என்ற மென்பொருளின் தொடக்க ஆண்டுகளை இப்பாகுபாட்டின் வழியே பார்த்தால் ஒரு சுவையான உண்மை தெரிகிறது. 1987இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு மாணவராக இருந்த தாமஸ் நோல், கருப்பும் வெள்ளையும் மட்டுமே காட்டும் கணினித் திரையில் சாம்பல் நிறச் சாயல்களைத் தோன்றச் செய்வதற்காக ஒரு சிறு நிரலை எழுதி, அதற்கு 'டிஸ்ப்ளே', அதாவது 'காட்டு' என்று பெயரிட்டார். காட்டியதால் வந்த பெயர், கலப்பற்ற காரணப்பெயர். திரைப்படச் சிறப்புக் காட்சிகளை உருவாக்கும் இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனத்தில் பணியாற்றிய தம்பி ஜான் நோல் சேர்ந்துகொண்டு நிரல் விரிந்தபோது அது 'இமேஜ்ப்ரோ' ஆயிற்று. அப்பெயர் ஏற்கெனவே வேறொருவர் கையில் இருந்ததால் கைவிடப்பட்டு 'போட்டோஷாப்' ஆயிற்று. இடையில், படவருடிகளைச் செய்து விற்ற பார்னிஸ்கேன் என்ற நிறுவனம் ஏறத்தாழ 200 படிகளைத் தன் கருவியோடு சேர்த்து வழங்கியபோது, அதற்குப் 'பார்னிஸ்கேன் எக்ஸ்பி' என்று தன் பெயரையே சூட்டிவிட்டது. அடோபி நிறுவனம் உரிமம் பெற்று 1990 பிப்ரவரியில் மெக்கின்டாஷ் கணினிகளுக்கு வெளியிட்ட பிறகே பெயர் நிலைத்தது. ஏறத்தாழ மூன்றாண்டுகளில் நான்கு பெயர்கள். எவரும் வருந்தவில்லை, எவரும் ஏமாற்றப்பட்டதாக உணரவும் இல்லை. அப்பெயர்களைச் சொல்லி அழைத்துப் பழகிய கூட்டம் அப்போது உருவாகியிருக்கவில்லை என்பதே அதற்குக் காரணம். பெயர் மாற்றம் ஒரு சிக்கலாவதற்குப் பெயரும் பொருளும் இருந்தால் மட்டும் போதாது, அழைப்போரும் வேண்டும்.

காரணப்பெயருக்கு வணிக உலகில் ஒரு குறை உண்டு. ஒரு பொருளின் இயல்பைச் சொல்லும் சொல் அப்பொருளை விற்கும் எல்லோருக்கும் தேவைப்படுவதால், அதை ஒருவருக்கு மட்டும் உடைமையாக்கச் சட்டம் தயங்குகிறது. அமெரிக்காவில் 1976இல் அபர்க்ரோம்பி வழக்கில் வழங்கப்பட்ட தீர்ப்பு, வணிகக்குறிகளைப் பொதுப்பெயர், பண்பைச் சொல்லும் பெயர், குறிப்பால் உணர்த்தும் பெயர், தொடர்பற்ற பெயர், புனைந்த பெயர் என்று வரிசைப்படுத்தி, வரிசையில் மேலே செல்லச் செல்லப் பாதுகாப்பு வலுப்பெறும் என்றது. இந்தியாவின் 1999ஆம் ஆண்டு வணிகக்குறிகள் சட்டமும், ஒரு பண்டத்தின் வகை, தரம், பயன் முதலியவற்றை மட்டுமே சொல்லும் சொற்களைப் பதிவு செய்ய மறுக்கிறது. ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888இல் எம்மொழியிலும் பொருளில்லாத ஓர் ஒலிச்சேர்க்கையாகப் படைத்த 'கோடாக்' என்ற பெயர் ஒளிப்படத் துறையின் மிகச் சிறந்த இடுகுறி. சட்டத்தின் கண்ணில் மிக வலுவான உடைமையும் அதுவே. சொல்லுக்குப் பொருள் வந்த காரணம் பார்த்தவுடன் தோன்றிவிடாது என்று தொல்காப்பியர் உரியியலில் கூறியது மொழியின் இயல்பைப் பற்றியது. காரணம் தோன்றாமல் இருப்பதே ஒரு சொல்லை விலைமதிப்புள்ள சொத்தாக்கும் என்பது அவர் எண்ணிப் பார்த்திருக்க முடியாத பிற்சேர்க்கை.

இதற்கு நேர்மாறான போக்கும் உண்டு, அது இன்னும் கவனிக்கத்தக்கது. ஆப்பிள் நிறுவனம் 2015 ஏப்ரலில் ஐபோட்டோ, அப்பர்ச்சர் என்ற தன் இரு மென்பொருள்களின் இடத்தில் 'போட்டோஸ்' என்ற ஒன்றை வைத்தது. அதே ஆண்டில் கூகுள் வெளியிட்ட சேவைக்கும் 'போட்டோஸ்' என்றே பெயர், அடுத்த ஆண்டில் அந்நிறுவனம் தன் பழைய பட மென்பொருளான பிக்காசாவை மூடியது. மைக்ரோசாப்டின் விண்டோஸில் படங்களைக் காட்டும் மென்பொருளின் பெயரும் அதுவே. தனித்தன்மையுள்ள சிறப்புப்பெயர்களைக் கைவிட்டு, 'படங்கள்' என்ற பொதுப்பெயரை மூன்று பெருநிறுவனங்கள் எடுத்துக்கொண்டது கற்பனை வறட்சியால் அன்று. ஊரில் ஒரே கடை இருந்தால் அதற்குக் 'கடை' என்றே பெயர். கருவியையும் அதை இயக்கும் அமைப்பையும் தன் கையில் வைத்திருப்பவருக்குத் தன் பண்டத்தை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் தேவை குறைகிறது.

போட்டோஷாப்புக்குத் திரும்பினால், அங்கே பெயர் நிலைத்தது, பொருள்தான் மாறியது. கலிபோர்னியாவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகம் அம்மென்பொருளின் முதற்பதிப்பின் மூல நிரலை, அதாவது நிரலாளர் கையால் எழுதிய வரிகளை, 2013இல் பொதுப்பார்வைக்கு வெளியிட்டது. 179 கோப்புகளில் ஏறத்தாழ 1,28,000 வரிகள், அவற்றுள் முக்கால் பங்கு பாஸ்கல் என்ற கணினி மொழியில் எழுதப்பட்டவை. இன்று அதே பெயரில் இயங்கும் மென்பொருளின் மொழி வேறு, அளவு வேறு, அது ஓடும் கணினிகள் வேறு, எழுதுவோரும் வேறு. கிரேக்க அரசன் மிலிந்தனுக்கும் பௌத்தத் துறவி நாகசேனருக்கும் நடந்ததாகப் பாலி நூல் சொல்லும் உரையாடலில், தேரின் அச்சோ சக்கரமோ நுகமோ தேர் ஆகாது, அவற்றின் கூட்டும் ஆகாது, அவற்றைச் சார்ந்து எழும் வழக்குச் சொல்லே 'தேர்' என்று நாகசேனர் நிறுவுவார். 'நாகசேனர்' என்பதும் அத்தகைய வழக்குச் சொல்லே என்பது அவர் துணிபு. அந்தக் கண்ணோட்டத்தில் போட்டோஷாப் என்று ஒன்று என்றுமே இருந்ததில்லை. மாறிக்கொண்டே வந்த நிரல்வரிகளும், அவற்றின்மேல் மாறாமல் ஒட்டப்பட்ட ஒரு சொல்லும் மட்டுமே உண்டு. வேதாந்தியோ இதை மறுபுறம் இருந்து பார்ப்பார். சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்கு, மண்ணை அறிந்தால் மண்ணால் ஆன அனைத்தும் அறியப்படும், குடம் முதலிய வேறுபாடுகள் வாயளவில் நிற்கும் பெயர்களே என்று உபதேசிப்பதால், பெயர்கள் மாறினாலும் மெய்ப்பொருள் அடியில் கிடக்கிறது என்பார். (அடோபி என்ற சொல்லுக்கே வெயிலில் உலர்த்திய சுடாத மண்கல் என்று பொருள், நிறுவனரான ஜான் வார்னாக்கின் வீட்டுக்குப் பின்னால் ஓடிய ஓடையின் பெயரிலிருந்து அது நிறுவனத்துக்கு வந்தது. உத்தாலகர் தம் உவமையை இவ்வளவு நேரடியாக எவரும் எடுத்துக்கொள்வார் என்று எதிர்பார்த்திருக்கமாட்டார்.) ஆனால் மென்பொருளில் மண் எது என்று வேதாந்தியால் காட்ட முடியாது, நிரலின் வரிகளும் மாறிவிட்டன. எஞ்சியிருப்பது ஒரு வாக்குறுதி: நேற்று திறந்த படக்கோப்பு இன்றும் திறக்கும், நேற்று கற்ற கைப்பழக்கம் இன்றும் செல்லும் என்பது. பெயரின் தொடர்ச்சி பொருளின் தொடர்ச்சியை அன்று, அந்த வாக்குறுதியின் தொடர்ச்சியையே குறிக்கிறது.

அவ்வாக்குறுதியின் இயல்பு மாறியபோது பெயரின் வாலும் மாறியது. ஏழாம் பதிப்பு வரை எண்களால் அறியப்பட்ட மென்பொருள், 2003இல், பிற மென்பொருள்களோடு சேர்ந்த தொகுதியாக விற்கப்பட்டபோது 'சிஎஸ்' என்ற ஒட்டைப் பெற்றது; 'படைப்புத் தொகுதி' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் அவை. 2013இல் அந்த ஒட்டு 'சிசி' ஆயிற்று. 'படைப்பு மேகம்' என்பது அதன் விரிவு. தொகுதி மேகமானதில் பெரிய மாற்றம் ஒன்று அடங்கியிருந்தது: அதுவரை ஒருமுறை விலைகொடுத்து வாங்கி எத்தனை ஆண்டுகளும் வைத்துக்கொள்ளத்தக்கதாக இருந்த மென்பொருள், அன்றுமுதல் மாதந்தோறும் சந்தா கட்டும்வரை மட்டுமே இயங்கும் வாடகைப் பொருளாயிற்று. அந்த மாற்றத்தைப் பற்றி எவ்வளவு குறை கூறினாலும், பெயரில் அதற்கு ஓர் அடையாளம் வைத்த அளவில் நிறுவனம் நேர்மையாகவே நடந்துகொண்டது எனலாம். ஆனால் 2019இன் இறுதியில் வந்த பதிப்பில் 'சிசி' என்ற ஒட்டு சத்தமின்றி உதிர்ந்தது. 'போட்டோஷாப் 2020' என்று ஆண்டு மட்டும் நின்றது.

அது ஏன் உதிர்ந்தது என்பதற்குத் திக்நாகரின் அபோகக் கொள்கை, விற்பனைத் துறையினரின் விளக்கங்களைவிடத் தெளிவான விடை தருகிறது. காஞ்சிபுரத்தை அடுத்த பகுதியில் பிறந்தவர் என்று மரபு கூறும் அப்பௌத்தத் தருக்க அறிஞர், ஒரு சொல் தன் பொருளை நேராகச் சுட்டுவதில்லை, அது அல்லாதவற்றை விலக்குவதன் மூலமே உணர்த்துகிறது என்றார். 'பசு' என்ற சொல்லின் வேலை, பசு அல்லாத அனைத்தையும் கழிப்பது. விலக்குதல் என்ற பொருளுடைய 'அபோகம்' அக்கொள்கையின் பெயராயிற்று. 'சிசி' என்ற ஒட்டு விலக்கியது 'சிஎஸ்' பதிப்புகளை, அதாவது விலைக்கு வாங்கத்தக்கவற்றை. 2017இன் தொடக்கத்தில் அப்பழைய பதிப்பின் விற்பனை முற்றிலும் நிறுத்தப்பட்ட பிறகு விலக்குவதற்கு எதுவும் எஞ்சவில்லை. எனவே ஒட்டு வேலையற்றுப்போயிற்று. வாடகை என்பது ஒரு வகையாக இருந்தவரை அதற்குப் பெயர் தேவைப்பட்டது. அது ஒன்றே வகையானபோது அது போட்டோஷாப்பின் இயல்பே ஆகிவிட்டது. பெயர் மாற்றத்தைக் கண்டு சினப்பவர்கள், பெயர் மாறாமலும் அடையாளம் உதிர்ந்தும் நிகழும் இத்தகைய மாற்றங்களைக் கவனிப்பதில்லை. கேடு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

பெயர் நிற்கப் பொருள் மாறிய போட்டோஷாப்பின் கதையைக் கண்ணாடியில் இடவலமாகத் திருப்பிக் காட்டுவது லைட்ரூமின் கதை. அடோபியின் மற்றொரு மென்பொருளான இது 2007 பிப்ரவரியில் வெளிவந்தது. ஒரு திருமணத்திலோ ஒரு விளையாட்டிலோ எடுத்த நூற்றுக்கணக்கான படங்களைத் தரம் பிரித்து, ஒளியும் நிறமும் திருத்தி, வேண்டும்போது தேடி எடுக்கும்படி அடுக்கி வைப்பது அதன் பணி. படச்சுருளைக் கழுவும் இருட்டறையை ஆங்கிலத்தில் 'டார்க்ரூம்' என்பர். அந்த இருட்டை மறுத்து வந்த 'வெளிச்ச அறை' என்ற பெயர், காரணமும் நயமும் ஒருங்கே பொருந்தியது. படங்கள் பயன்படுத்துபவரின் சொந்த வட்டிலேயே இருக்கும். அவற்றின் விவரங்களும் திருத்தங்களும் ஒரு பட்டியல் கோப்பில் பதியும். 2015இல் ஒருமுறை விலைக்குக் கிடைத்ததை 'லைட்ரூம் 6' என்றும், சந்தாவுக்குக் கிடைத்ததை 'லைட்ரூம் சிசி' என்றும் நிறுவனம் அழைத்தது. இரண்டும் பெரும்பாலும் ஒன்றே. 2017 அக்டோபர் 18ஆம் நாள் வந்த அறிவிப்பில், அதுவரை 'லைட்ரூம் சிசி' எனப்பட்டது இனி 'லைட்ரூம் கிளாசிக் சிசி' எனப்படும் என்றும், படங்களைப் பயன்படுத்துபவரின் வட்டில் வைக்காமல் நிறுவனத்தின் தொலைதூரக் கணினிகளில் வைக்கும் புதிய மென்பொருள் ஒன்று இனி 'லைட்ரூம் சிசி' எனப்படும் என்றும் கூறப்பட்டது. முதல் நாள் மாலை ஒரு பொருளைச் சுட்டிய அதே எழுத்துகள், மறுநாள் வேறொரு பொருளைச் சுட்டின. முந்தைய இரண்டு ஆண்டுகளில் 'லைட்ரூம் சிசி' என்ற பெயரை அட்டையில் தாங்கி அச்சான பாடநூல்கள், தம் வரிகளில் ஓர் எழுத்தும் மாறாமலே, தவறான நூல்களாயின.

பழைய பொருளுக்கு அடைமொழி சேர்வது உலகில் புதிதன்று. பண்ணைக் கோழி வரும்வரை நாட்டுக்கோழி வெறும் கோழியாகவே இருந்தது. வண்ணப்படம் வரும்வரை கருப்பு வெள்ளைப் படம் வெறும் படமாகவே இருந்தது. கைப்பேசி வரும்வரை தொலைபேசிக்குத் 'தரைவழி' என்ற முன்னொட்டு தேவைப்படவில்லை. புதியது வந்து பழையதன் பெயரைப் பங்குபோட, பழையது ஓர் அடையைச் சுமக்கிறது. ஆனால் கோழிக்கு 'நாட்டு' என்ற அடையைச் சேர்த்தது எந்தப் பண்ணை முதலாளியும் அல்லர். சந்தையில் வாங்குவோரும் விற்போரும் குழப்பம் தவிர்க்க மெல்ல மெல்லச் சேர்த்துக்கொண்டது. லைட்ரூமுக்கு 'கிளாசிக்' என்ற அடையைச் சேர்த்தது உடைமையாளர், ஓர் ஆணையால், ஒரே நாளில். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வேகத்தில் மட்டும் இல்லை.

'கிளாசிக்' என்ற அந்தச் சொல்லும் தனியே நோக்கத்தக்கது. 2004இல் இந்திய அரசு தமிழைச் செம்மொழி என்று அறிவித்ததைப் பெருமையாகக் கொண்ட தமிழ் வாசகருக்கு, அச்சொல் உயர்வுப் பொருளில்தான் பழக்கம். மென்பொருள் உலகில் அதன் தொனி வேறு. முற்றத்து நாற்காலியில் அமர்த்தி மாலை போட்ட முதியவருக்குக் காட்டும் மரியாதை அது, அடுக்களைச் சாவி ஏற்கெனவே வேறு கைக்கு மாறியிருக்கும். கொக்கக் கோலா நிறுவனம் 1985 ஏப்ரலில் தன் பானத்தின் சுவையை மாற்றி, பழைய பெயரைப் புதிய சுவைக்குக் கொடுத்தபோது, அமெரிக்க மக்கள் ஏற்க மறுத்ததால் 79 நாட்களில் பழைய பானத்தை 'கொக்கக் கோலா கிளாசிக்' என்ற பெயரில் திரும்பக் கொண்டுவர நேர்ந்தது. இறுதியில் புதிய பானம் மறைந்தது, 2009இல் 'கிளாசிக்' என்ற அடையும் குப்பிகளிலிருந்து நீங்கிற்று. அங்கே அழைப்போர் வென்றனர். பானத்தை மறுத்தவர் அடுத்த கடையில் வேறொன்றை வாங்கலாம். பத்தாண்டுப் படங்களையும் அவற்றின் திருத்தங்களையும் ஒரு மென்பொருளின் பட்டியல் கோப்புக்குள் வைத்திருப்பவர் அவ்வளவு எளிதில் எழுந்துபோக முடியாது என்பதால், லைட்ரூமைப் பொறுத்தவரை அப்படி ஒரு வெற்றி நிகழவில்லை.

ஆணையால் பெயரின் பொருளை மாற்ற முடியுமா என்பதை நியாயம் என்ற இந்தியத் தருக்க மரபினர் வியக்கத்தக்க நுட்பத்தோடு ஆராய்ந்திருக்கின்றனர். சொல்லுக்குத் தன் பொருளை உணர்த்தும் ஆற்றல் உண்டு. அதை அவர்கள் 'சக்தி' என்றனர். 'இச்சொல்லிலிருந்து இப்பொருள் உணரப்படுக' என்ற இறைவனின் விருப்பமே அந்தச் சக்தி என்பது பழையோர் கொள்கை. அவ்வாறாயின் நேற்றுப் பிறந்த குழந்தைக்குத் தந்தை இடும் பெயரில் சக்தி எங்கிருந்து வந்தது? 17ஆம் நூற்றாண்டில் விசுவநாதர் எழுதிய முக்தாவளி இதற்கு ஒரு விடையைப் பதிவு செய்கிறது: பதினோராம் நாளில் தந்தை பெயரிட வேண்டும் என்பதே இறைவனின் விருப்பம் ஆதலால், அப்பெயரிலும் சக்தி உண்டு. ஆனால் ஒருவர் தம் வசதிக்காக அண்மையில் வகுத்துக்கொண்ட குறியீட்டுச் சொற்களில் சக்தி இல்லை என்பது மரபினர் துணிபு. புதிய நியாயத்தாரோ, இறைவனுடையதாயினும் மனிதருடையதாயினும் விருப்பமே சக்தி, எனவே அச்சொற்களிலும் அது உண்டு என்றனர். நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் அறியாமலேயே புதிய நியாயத்தைச் சார்ந்தவர்கள்; உரிமையாளரின் விருப்பமே பெயரின் பொருளைத் தீர்மானிக்கிறது என்பது அவர்களின் வாதத்துக்கு அடித்தளம்.

எனினும் அதே முக்தாவளி, சொல்லின் சக்தியை ஒருவர் எவ்வாறு அறிகிறார் என்பதற்கு எட்டு வழிகளைச் சொல்கிறது. இலக்கணம், ஒப்புமை, நிகண்டு, நம்பத்தக்கவர் சொல், வழக்கு, எஞ்சிய வாக்கியம், விளக்கம், தெரிந்த சொல்லின் அண்மை என்பன அவை. அவற்றுள் குழந்தை மொழி கற்பதற்கு முதல்வாயிலாக இருப்பது மூத்தோர் வழக்கு, அதாவது அறிந்தவர் பேசுவதையும் அதன்படி நடப்பதையும் கண்டு பொருளை உணர்தல். நிறுவனத்தின் அறிவிப்பு 'நம்பத்தக்கவர் சொல்' என்ற வகையில் அடங்கும். ஒளிப்படக்காரர்களின் நாட்பேச்சு வழக்கில் அடங்கும். இவ்விரண்டும் ஒன்றை ஒன்று எதிர்க்கும்போது, வழக்கை எதிர்த்து அறிவிக்கும் ஒருவர் எத்தனை முறை அவ்வாறு செய்துவிட்டு நம்பத்தக்கவராகவே நீடிக்க முடியும் என்ற கேள்வி எழுகிறது. மேலைநாட்டு மெய்யியலிலும் இதே முடிச்சு வேறு வடிவில் விழுந்தது. சால் கிரிப்கி 1970இல் நிகழ்த்திய உரைகளில், ஒரு பெயர் தொடக்கத்தில் நிகழும் பெயர்சூட்டலோடு ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கைமாறும் சங்கிலியால் பிணைக்கப்பட்டே தன் பொருளைச் சுட்டுகிறது என்றார். 1973இல் கேரத் எவன்ஸ் மடகாஸ்கரை எடுத்துக்காட்டி மறுத்தார்: அப்பெயர் முதலில் ஆப்பிரிக்கப் பெருநிலத்தின் ஒரு பகுதியைச் சுட்டியது, மார்க்கோ போலோ தவறாகப் புரிந்துகொண்டதால் தீவுக்குச் சென்று ஒட்டிக்கொண்டது, சங்கிலி அறுபடவில்லை, சுட்டப்படும் பொருளோ மாறிவிட்டது. ஒரு பயணியின் பிழை செய்ததை லைட்ரூமில் ஓர் உரிமையாளரின் எண்ணம் செய்தது.

அழைப்போரின் ஆற்றல் எப்போதும் தோற்பதும் இல்லை. போட்டோஷாப் என்ற பெயரை வினைச்சொல்லாகவோ பொதுப்பெயராகவோ வழங்கக் கூடாது என்று அடோபி தன் வணிகக்குறி நெறிமுறைகளில் வேண்டிக்கொண்டே இருக்கிறது, உலகம் கேட்பதாயில்லை. அமெரிக்காவில் 'ஆஸ்பிரின்' என்ற பெயர் மக்கள் வழக்கில் மருந்தின் பொதுப்பெயராகவே மாறிவிட்டதால், 1921ஆம் ஆண்டுத் தீர்ப்பில் பேயர் நிறுவனம் அதன்மேல் கொண்ட தனியுரிமை பொதுமக்களைப் பொறுத்தவரை செல்லாது போயிற்று. அந்த அச்சமே இவ்வேண்டுகோளின் வேர். தமிழ்நாட்டில் எந்த நிறுவனத்தின் எந்திரம் ஓடினாலும் கடை 'ஜெராக்ஸ் கடை'யே ஆவது போல, தமிழ்ப் பேச்சில் 'அது போட்டோஷாப்' என்றால் அது பொய்ப்படம் என்று பொருள், எந்த மென்பொருளில் செய்ததாயினும். படங்களின் உண்மைத்தன்மையை நிறுவும் முயற்சி ஒன்றை 2019இல் அடோபியே பிற நிறுவனங்களோடு சேர்ந்து தொடங்கியது என்பதை இதனோடு சேர்த்து எண்ணினால், தன் பண்டத்தின் பெயர் பொய்ம்மைக்கு மறுபெயராவதைத் தடுக்க இயலாத பெயரிட்டவரின் நிலை விளங்கும். கட்டற்ற மென்பொருள்களிலும் இதன் மறுபக்கத்தைக் காணலாம். 1995இல் பெர்க்லியின் இரு மாணவர்கள் தொடங்கிய 'கிம்ப்' என்ற பட மென்பொருளின் பெயர், ஆங்கிலத்தில் கால் ஊனமுற்றோரை இழிக்கும் சொல்லாகவும் இருப்பதால், மாற்றக் கோரியவர்கள் 2019இல் அதன் நிரலைப் படியெடுத்து 'கிளிம்ப்ஸ்' என்ற பெயரில் தனியே நடத்திப் பார்த்தனர். 2021இல் அம்முயற்சி நின்றது. நிரல் முழுவதையும் எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று உரிமம் அளித்த மென்பொருளிலும், எடுத்துக்கொள்ள முடியாத ஒன்றாகப் பெயர் மட்டும் நின்றது.

பெயர் மாற்றம் அனைத்தும் பழிக்கத்தக்கது என்ற முடிவுக்கு இவை இட்டுச்செல்லவில்லை. சமய மரபுகள் பெயர் மாற்றத்தைப் புனிதச் செயலாகவே கொண்டுள்ளன. தீட்சை பெறுபவர் புதுப்பெயர் பெறுவது, பழைய நிலை கழிந்து புதிய நிலை தொடங்கியதை அறிவிப்பதற்காக. பெற்றோர் இட்ட மருள்நீக்கியார் என்ற பெயர் சமண சங்கத்தில் தருமசேனர் ஆயிற்று. திருவதிகையில் சூலை நீங்கிப் பதிகம் பாடியபோது இறையருளால் நாவுக்கரசு ஆயிற்று. சம்பந்தர் அன்பால் அழைத்தபோது அப்பர் ஆயிற்று என்று பெரியபுராணம் விரிக்கும். ஒவ்வொரு பெயரும் தாங்கியவரிடம் நிகழ்ந்த ஒன்றையோ, அழைத்தவரிடம் எழுந்த ஒன்றையோ சாட்சி சொல்கிறது. இந்த அளவுகோல் மென்பொருள்களுக்கும் பொருந்தும். மேக் கணினிகளுக்கு மட்டும் மென்பொருள் செய்த மேக்பன் நிறுவனம், விண்டோஸுக்கும் செய்யத் தொடங்கியபோது 'ஸ்கைலம்' என்று மாறுவதாக 2017இல் அறிவித்தது, காரணம் நீங்கிய காரணப்பெயரைக் கைவிட்ட நேர்மை. அதே ஆண்டில் டிஎக்ஸ்ஓ நிறுவனம், வேறொரு நிறுவனத்தின் நுட்பத்தை விலைக்கு வாங்கித் தன் 'ஆப்டிக்ஸ் ப்ரோ'வில் சேர்த்து, பதினொன்று வரை வந்த பதிப்பெண்ணை விட்டு மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணி 'போட்டோலேப்' என்று பெயரிட்டது; பொருளிடம் ஒரு மாற்றம் நிகழ்ந்தது, பெயர் அதைப் பின்தொடர்ந்தது.

லைட்ரூமில் நிகழ்ந்தது இவ்வகையில் சேராது. பெயரை இழந்த மென்பொருளிடம் அன்று பெயர்மாற்றத்துக்கு ஏற்ற மாற்றம் எதுவும் நிகழவில்லை. பெயரைப் பெற்ற மென்பொருள் அப்பெயருக்குரிய பத்தாண்டு உழைப்பைச் செய்திருக்கவில்லை. அப்பெயரில் திரண்டிருந்த நம்பிக்கையில் நிறுவனத்தின் பங்கு பெரிதுதான்; ஆயினும் அதைக் கற்று, கற்பித்து, பிறருக்குப் பரிந்துரைத்து, பேச்சில் புழங்கவிட்டு வளர்த்தவர்கள் ஒளிப்படக்காரர்கள். சட்டம் பெயரை உடைமை என்கிறது. ஆஸ்பிரின் வழக்கில் அதே சட்டம், பெயரின் பொருள் மக்கள் மனத்தில்தான் குடியிருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறது. வீட்டுப் பத்திரம் ஒருவரிடமும் குடியிருப்பு மற்றொருவரிடமும் உள்ளபோது, பத்திரம் வைத்திருப்பவர் குடியிருப்பவரைக் கேளாமல் கதவெண்ணை மாற்றலாமே தவிர, அவருக்கு வரும் கடிதங்களைப் பக்கத்து வீட்டுக்குத் திருப்ப உரிமையில்லை. 2017இல் திருப்பப்பட்டவை அத்தகைய கடிதங்களே.

பின்னர் 'சிசி' என்ற ஒட்டு இங்கும் உதிர்ந்து, புதியது வெறும் 'லைட்ரூம்' என்றும் பழையது 'லைட்ரூம் கிளாசிக்' என்றும் நின்றன. புதியதன் சின்னத்தில் எல், ஆர் என்ற இரண்டு எழுத்துகளும், பழையதன் சின்னத்தில் அவற்றோடு சி என்ற மூன்றாவது எழுத்தும் உள்ளன. ஆனால் பழையதைத் திறந்து, அது தன் படங்களின் விவரங்களையும் திருத்தங்களையும் எழுதி வைக்கும் கோப்பின் பெயரைப் பார்த்தால், அது 'லைட்ரூம் பட்டியல்' என்பதன் சுருக்கமான 'எல்ஆர்கேட்' என்றே இன்றும் முடிகிறது.